ஏழு மணிக்கு எழுப்புவது

ஓல்ட்டனில் நவம்பர் என்றால்
ஆற்றுக்கு மறுகரை உண்டென்று
நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.
ஆரே கிளப்பும் மூடுபனி
மதியமானாலும் கலையாது.
அப்படியொரு திங்கட்கிழமைக்காகத்தான்
முந்நூற்று நாற்பது கணினிகளைக் கழற்றி
மேசைக்கொரு பெட்டி வைத்தோம்,
சோப்புக்கட்டி அளவு.
அதற்குள் ஒன்றும் இல்லை.
இருந்ததெல்லாம் நிலவறையில்,
பதினான்கு சர்வர்களில்.

"இனி மேசை என்பது வெறும் எண்ணம்"
என்றார் விற்க வந்தவர்.
ரேட்டோ அதைக் குறித்துக்கொண்டார்.
எனக்கு மின்விசிறிகளின் இரைச்சலில்
பாதிதான் கேட்டது.

பாசலிலிருந்து ஒரு ரயில்,
பெர்னிலிருந்து ஒன்று, லூசெர்னிலிருந்து ஒன்று.
ஒரே நிமிடத்தில் இறங்கி
ஒரே நிமிடத்தில் கோட்டைக் கழற்றி மாட்டி
ஒரே நிமிடத்தில் கடவுச்சொல் தட்டும் அலுவலகம் எங்களுடையது.
நாங்கள் சோதித்ததோ
ஒரு செவ்வாய் மதியம், ஐந்து பேரை வைத்து.
ஐவரும் எங்கள் துறை.
ஊரே பந்திக்கு வருமென்று தெரிந்தும்
ஐந்து இலைக்கு உலை வைத்தோம்.

எட்டு மணி.
எல்லாத் திரையிலும் ஒரே வட்டம்
சுழன்றது, சுழன்றது,
இருபத்தாறு நிமிடம்.
யாரும் கத்தவில்லை.
இங்கே கத்தமாட்டார்கள்.
காபி இயந்திரத்துக்கு முன் வரிசையில் நின்று
ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.
கத்தியிருக்கலாம்.

மறுநாள் முதல் ஏழு மணிக்கே
ஆளில்லாத மேசைகளை
மாடி மாடியாய் எழுப்பி வைத்தேன்.
புயல் அடங்கியது.
அடங்கிய பிறகுதான் சின்னச் சத்தங்கள்
காதில் விழுந்தன.

மூன்றாம் மாடியில் அச்சுக்கு அனுப்பிய பட்டியல்
உதிரிபாகக் கிடங்கில் வந்து விழுந்தது.
பெஸ்னிக் அதை ஜாக்கெட்டுக்குள் செருகி
வண்டி நிறுத்தத்தைக் கடந்து நடந்து வந்தார்,
நாளுக்கு ஒன்பது தடவை.
"உங்கள் மேகம்
என் ஷூவை நனைக்கிறது" என்றார்.
பிரிண்டரை ஆளோடு கட்டாதே,
அறையோடு கட்டு.
இதைக் கற்க எனக்கு
அவருடைய இரண்டு ஜோடி காலுறை தேவைப்பட்டது.

மாலை தோறும் எல்லா மேசையையும் அழித்து
ஒரே மூலப்படியின் நகலாய்
மறுபடி விரித்துவைக்கும் ஏற்பாடு.
வைரஸ் தங்காது. குப்பை சேராது.
ஈ கூட உட்காராது.
நான் பெருமைப்பட்ட பகுதி அதுதான்.

மூன்றாவது வாரம், ஒரு கேபிளுக்காக
மேலே போனேன்.
கொள்முதல் பிரிவு உர்சினா சும்ப்ரூன்
திரையில் சின்னங்களை
ஒவ்வொன்றாய் இழுத்துக்கொண்டிருந்தார்.
இடது ஓரத்தில் அகரவரிசையில் நின்றவற்றை
ஒன்றை மேலே, ஒன்றைக் கதவருகே,
நான்கைச் சேர்த்து ஜன்னலோரம்.
எந்தக் கதவு, எந்த ஜன்னல்?
சற்று நேரம் நின்று பார்த்தபின் புரிந்தது:
அது கிடங்கு.
பிரேக் கட்டைகள் எந்த அலமாரியோ
அந்த இடத்தில் அவற்றின் கோப்பு.
பதினோரு வருடமாய்
திரைக்குள் கட்டி வைத்திருந்த வரைபடத்தை
நாங்கள் ராத்திரி ராத்திரி இடித்தோம்.
காலை காலை அவர் எழுப்பினார்,
அறுபத்திரண்டு சின்னங்கள், பத்தொன்பது நிமிடம்.

புகார் எழுதியிருக்கலாமே என்றேன்.
ஜன்னலைக் காட்டினார்.
"இதற்கு யாராவது எழுதுகிறார்களா?"

ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதுமாயிருந்தது.
ஆளுக்கு நாற்பது கிலோபைட் கூட இல்லை.
ரேட்டோவின் அறிக்கையில்
"கற்ற பாடங்கள்" என்று ஒரு கட்டம்,
மூன்று வரிக்கு இடம்.
செயல்திறன், அச்சு, பயனர் அமைப்புகள் என்று எழுதினார்.
தப்பில்லை.
அடுத்த கிளைக்கான சோதனையில்
நான் கேட்ட ஐந்து பேரில்
இருவர் பெயரைப் பார்த்து
புருவம் மட்டும் தூக்கினார்.

இன்னும் ஒன்று பாக்கி.
ஏழு மணிக்கு எழுப்பும் நிரலுக்கு
விடுமுறை தெரியாது.
சொல்லித்தர மறந்துவிட்டேன்.
கிறிஸ்துமஸ் அன்று
முந்நூற்று நாற்பது மேசைகளும் விழித்து
கடவுச்சொல் கேட்டுக் காத்திருந்து
ஆறு மணிக்குத் தாமாய் அணைந்திருக்கின்றன.
பிப்ரவரியில், மின்கட்டணத்தில் பார்த்தேன்.
திருத்தவேண்டும்.